கட்டி முடித்த வரைபடம்

பிரிஷாந்தி அனுப்பிய முதல் படத்தில்
மனிதர்கள் சாம்பல் நிறம்.
முகமில்லை, பையில்லை, அவசரமும் இல்லை.
டர்பனில் நான் எங்குமே பார்த்திராத ஒரு மரம்
டாக்சி நிலையத்தின் நடுவே
நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

கூரை மட்டும் நிஜம்.
வடக்கு வெயிலுக்கு முகம் சாய்த்த கூரை,
அதன்மேல் நூற்றெண்பது தகடுகள்,
கீழே பதினாறு வரிசையில் வெள்ளை வேன்கள்,
வேனுக்கும் வெயிலுக்கும் இடையில்
என் கம்பிகள்.

படத்தில் இல்லாதது ஒன்று:
தூண் ஏழின் அருகில் கேத்திவேயின் பீப்பாய்.
அடியில் மூன்று செங்கல், உடைந்த பெட்டிப் பலகைகள்,
உள்ளே எண்பது சோளக் கதிர்
விடியற்காலை நாலு மணியிலிருந்து கொதிக்கிறது.
சாட்ஸ்வொர்த்துக்கு முதல் வேன் பிடிக்கிறவனுக்கு
அதுதான் காலைச் சாப்பாடு.

புகை மேலே போகும். போகட்டுமே என்பீர்கள்.
மேலே கூரை, கூரையில் தகடுகள்.
மூன்றே வாரத்தில் ஏழாம் வரிசை கறுத்தது,
மீட்டரில் எண் சரிந்தது.
போதாததற்கு, பாட்டரி அறை
படத்தில் சரியாக அவள் அடுப்பின் மேலேயே நின்றது.
நகராட்சிக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்:
"அந்தப் பீப்பாயை அப்புறப்படுத்தலாம்."
அப்புறம் என்பது எந்தப் புறம் என்று
அவர் சொல்லவில்லை.

மின்வெட்டுக்கு இங்கே லோட் ஷெட்டிங் என்று பெயர்.
சுமையை உதறுவது.
யார் சுமை, யார் தலையில் விழும் என்று
அட்டவணை சொல்லாது.
மணி மட்டும் சொல்லும்:
இன்று மாலை ஆறிலிருந்து எட்டரை.

அந்நேரம் ரோபோ செத்துவிடும்.
சிக்னல் விளக்கை இந்த ஊரில் ரோபோ என்பார்கள்;
செத்த பிறகுதான் அது மனிதன் மாதிரி ஆகும்,
யாருக்கும் வழி சொல்லாது.
நாலு தெரு வேன்களும் மூக்கோடு மூக்கு முட்டும்.
டுமிசானி விசிலைக் கடித்துக்கொண்டு
நடுவில் இறங்குவான்.

பழைய சாலைகளில் கல் நடுவார்களாம்,
நடக்கிறவன் குனியாமல்
யாரையும் கூப்பிடாமல்
தலைச்சுமையை இறக்கி வைக்கிற உயரத்தில்.
சுமைதாங்கி.
ஒரு கட்டடம் அவ்வளவு செய்தால் போதாதா
என்று நினைத்துக்கொண்டே
பாட்டரி அறைச் சுவரை ஒன்றரை மீட்டர் தள்ளினேன்.
பீப்பாய்க்குள் சூடேற்றும் சுருள் ஒன்று பொருத்தினேன்.

கேத்திவே கைகட்டி நின்று பார்த்தாள்.
"கரண்ட் போனால் சோளம் பாதியில் நிற்குமா?"
நிற்காது, கூரை இருக்கிறது என்றேன்.
"நீ போனால்?"
அதற்கு என்னிடம் கம்பி இல்லை.

ஆறு மணி.
மலைச்சரிவு வீடுகள் ஒவ்வொரு வரிசையாக அணைந்தன,
கடைசியில் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவையும்.
நிலையம் மட்டும் கண் இமைக்கவில்லை.
மூலை ரோபோவுக்கும் ஒரு கம்பி இழுத்திருந்தோம்;
அனுமதிக் கடிதம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.
சிவப்பு விழுந்தது. வேன்கள் நின்றன,
ஏதோ வெட்கப்பட்ட மாதிரி.
டுமிசானி விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு
சோளம் வாங்கப் போனான்.

வேலை முடிந்ததும் ஒரு விதி உண்டு:
படத்திலிருந்து மாறியதையெல்லாம்
சிவப்பு மசியில் குறித்துக் கொடுக்க வேண்டும்.
சுவர், ஒன்றரை மீட்டர் கிழக்கே.
கம்பி, மூலை வரை.
மரம், இல்லை.
தூண் ஏழருகே ஒரு வட்டம்.

பிரிஷாந்தி போனில் கேட்டாள்:
"வட்டம் என்ன சுமை, கிஷ்டன்?"
"மூன்று கிலோவாட். கேத்திவே."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"முழுப்பெயர் சொல்லுங்கள்," என்றாள்,
"எழுத்துக் கூட்டி."

அந்த மூன்று செங்கல்லை
கேத்திவே தூக்கிப் போடவில்லை.
தூணுக்குப் பின்னால் அடுக்கி
சாக்கு போர்த்தியிருக்கிறாள்.
அதையும் வரைந்தேன், சின்னதாக.
அளவு எழுதவில்லை.